டாலி பார்ட்டன் பாப் பக்கம் போனது சரியா? (விவாத இழை)

#1 வேணுகானம்

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: 1976 வரைக்கும் இருந்த டாலி பார்ட்டன்தான் பாடகி, அதற்கப்புறம் வந்தவர் வெறும் தொலைக்காட்சி நட்சத்திரம் என்று. இதைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் கதை. டாலி, கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் பெயர் வாங்கி, 1977-இல் பாப் பக்கம் போன பாடகி. 1946 ஜனவரி 19, கிழக்கு டென்னசியின் ஸ்மோக்கி மலையடிவாரத்தில் ஒற்றை அறை மரவீட்டில் பிறந்தவர். பன்னிரண்டு குழந்தைகளில் நான்காவது. அப்பா புகையிலை பயிரிட்ட ஏழை விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாதவர். பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கூலியாக ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார்களாம். அந்த டாக்டர் பெயரிலேயே பின்னாளில் ஒரு பாட்டு எழுதிவிட்டார் டாலி. அம்மா பழைய மலைப்பாட்டுகளைப் பாடிக்கொண்டே வளர்த்தார். அம்மாவின் தம்பி பில் ஓவன்ஸ்தான் முதல் கிட்டார் கொடுத்தது, நாக்ஸ்வில் வானொலிக்குக் கூட்டிப்போனது எல்லாம். பத்து வயதிலேயே அங்கே பாடினார். 13 வயதில் லூசியானாவில் ஒரு சின்ன கம்பெனிக்கு முதல் இசைத்தட்டு, அதே வயதில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரி மேடை. அங்கே அவரை அறிமுகப்படுத்தியவர் ஜானி கேஷ்.

1964-இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே கன்ட்ரி இசைத்தொழிலின் தலைநகரான நாஷ்வில்லுக்கு பஸ் ஏறினார். வந்த அன்றே ஒரு சலவைக்கடை வாசலில் கார்ல் டீனைச் சந்தித்தார். 1966-இல் கல்யாணம். கார்ல் தார்ச்சாலை போடும் தொழில் செய்தவர். மனைவியின் மேடை வெளிச்சத்துக்குள் கடைசிவரை வரவே இல்லை. 2025 மார்ச்சில் அவர் இறக்கும்வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது.

இப்போது என் வாதம். நாஷ்வில்லில் அவரை முதலில் ஒப்பந்தம் செய்த மானுமென்ட் கம்பெனி அவரைப் பாப் பாடகியாக்கத்தான் பார்த்தது. குரல் கன்ட்ரிக்கு ஒத்துவராது என்று நினைத்தார்கள். அவரும் மாமாவும் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டை 1966-இல் பில் பிலிப்ஸ் பாடி, அது கன்ட்ரி பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறிய பிறகுதான் கம்பெனி மனம் மாறியது. அதாவது பாப்பிலிருந்து கன்ட்ரிக்கு அவரைக் கொண்டுவந்தது அவர் எழுத்து. 1977-இல் மறுபடியும் பாப்புக்குப் போனபோது அவர் விட்டுக்கொடுக்காததும் எழுத்தின் மேல் உள்ள உரிமைதான். எந்த இசைக்கருவி பின்னணியில் ஒலிக்கிறது என்பதை வைத்து அவரை இரண்டாக வெட்டுவது சரியில்லை. பாட்டு யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும். அதில் 1966 முதல் இன்றுவரை ஒரே ஆள்தான் தெரிகிறார்.

#2 தந்திமீட்டி

அந்த இன்னொரு இழையில் எழுதியவன் நான்தான். எழுதியதில் உறுதியாகவே இருக்கிறேன்.

1968-இலிருந்து 1975 வரை வந்த ஆல்பங்களை வரிசையாகக் கேளுங்கள். ஒரு பெண் தன் கடந்தகாலத்தைக் குத்திக்காட்டும் கணவனிடம், நீ செய்ததையும் சேர்த்து எடைபோடு என்று கேட்கிறாள், 1968-இல், நாஷ்வில்லில். 'டவுன் ஃப்ரம் டோவர்' 1970: கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண், காதலன் வருவான் என்று காத்திருக்கிறாள், வீட்டை விட்டுப் போகவேண்டி வருகிறது, குழந்தை இறந்து பிறக்கிறது. ஒரு சொட்டு அழுகை குரலில் கூடுதலாக இல்லை. ஒவ்வொரு சரணத்திலும் பருவம் மாறுகிறது, அவள் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இதை வானொலியில் ஒலிபரப்பத் தயங்கினார்கள். 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' 1971. 'மை டென்னசி மவுன்டன் ஹோம்' 1973, அதில் முதலில் வருவது பாட்டே இல்லை, நாஷ்வில் வந்த புதிதில் அப்பா அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதத்தை வாசிக்கிறார். 'ஜோலீன்'. இப்படி எழுதக்கூடியவர் 1977-க்குப் பிறகு என்ன செய்தார்?

வேணுகானம், நீங்கள் 'பாட்டு யாருடையது' என்று கேட்கச் சொன்னீர்கள். சரி, கேட்கிறேன். 'ஹியர் யூ கம் அகெய்ன்' யாருடையது? பாரி மான், சிந்தியா வைல் எழுதியது. நியூயார்க் பாப் எழுத்தாளர்கள். 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்' யாருடையது? பீ ஜீஸ் எழுதியது. அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய பாப் வெற்றிகளில் இரண்டு அடுத்தவர் பாட்டு. எண்பதுகளின் நடுவில் வந்த சில ஆல்பங்களில் அவர் எழுதியதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். என் வருத்தம் கருவிகளைப் பற்றியதே இல்லை. எழுதக்கூடிய கை ஓய்ந்திருந்தது என்பதுதான்.

#3 கரவெட்டிக் குமரன்

இருவருக்கும் வணக்கம். இலங்கையில் என் அப்பா தலைமுறைக்குக் கன்ட்ரி என்றாலே ஜிம் ரீவ்ஸ்தான். கலியாண வீட்டில்கூடப் போடுவார்கள். அந்த மனுசன் பாட்டில் பிடில் எங்கே, ஸ்டீல் கிட்டார் எங்கே? பெரும்பாலும் வயலின் கூட்டமும் மெல்லிய கோரஸும்தான். அதற்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர். ஆர்சிஏ கம்பெனியில் செட் அட்கின்ஸும் டெக்காவில் ஓவன் பிராட்லியும் ஐம்பதுகளின் கடைசியில் கொண்டுவந்த முறை. ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி இசைத்தட்டு விற்பனையை அடித்தபோது, நகரத்துக் காதுக்கும் ஏற்ற மாதிரி ஓரத்தைச் சீவினார்கள். 'ஹீ'ல் ஹாவ் டு கோ' 1960-இல் பாப் பட்டியலில் இரண்டாம் இடம் போனது. பாட்ஸி கிளைனும் அதே வழிதான்.

ஆக, கன்ட்ரிக்காரர் பாப் பக்கம் போவது டாலி தொடங்கிவைத்த காரியம் இல்லை. அவர் ஆர்சிஏக்கு வரும்போதே அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. நாஷ்வில் ஆட்களுக்குக் கோபம் வந்தது மற்றப் பக்கமிருந்து ஆட்கள் வந்தபோதுதான். 1974-இல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குக் கன்ட்ரி இசைச் சங்கம் சிறந்த பாடகி விருது கொடுத்ததும் பெரிய சண்டை. ஜார்ஜ் ஜோன்ஸ் – டாமி வைனெட் வீட்டில் கூட்டம் போட்டுத் தனிச் சங்கமே தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஆண்டின் சிறந்த கலைஞராக ஜான் டென்வர் பெயர் இருந்த அட்டையை சார்லி ரிச் மேடையிலேயே லைட்டரால் கொளுத்தினார். 1975, 76 இரண்டு வருடமும் அந்தப் பாடகி விருதை டாலிக்குக் கொடுத்ததை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். நம்ம வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையே 1977-இல் லாஸ் ஏஞ்சலஸ் மேனேஜரை வைத்துக்கொண்டு பாப் பாட வெளிக்கிட்டது. மனத்தாங்கல் அங்கேயிருந்துதான் வருகிறது.

#4 நிலா வாசகி

எனக்கு 'ஜோலீன்' மட்டும்தான் தெரியும், அதுவும் பியான்சே 2024-இல் பாடியதற்குப் பிறகு தேடிக் கேட்டது. இழை சுவாரஸ்யமாகப் போகிறது. ஆனால் ஒரு அடிப்படைக் கேள்வி. போர்ட்டர் வாகனர் என்ற பெயர் எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறதே, அவருக்கும் டாலிக்கும் என்ன பிரச்சினை? யாராவது விளக்குங்கள் அண்ணா.

#5 வேணுகானம்

தங்கை, நல்ல இடத்தில் கேட்டீர்கள். போர்ட்டர் இல்லாமல் இந்த விவாதமே நடக்காது.

போர்ட்டர் வாகனர் அன்று பெரிய ஆள். பளபளக்கும் கோட்டு, வாராவாரம் பல ஊர்த் தொலைக்காட்சிகளில் ஓடிய சொந்த நிகழ்ச்சி. அவரோடு பாடிக்கொண்டிருந்த நார்மா ஜீன் விலகியதும் 1967-இல் டாலியைச் சேர்த்துக்கொண்டார். தொடக்கத்தில் கூட்டம் இவரை ஏற்கவில்லை, நார்மா ஜீன் பெயரைச் சொல்லியே கத்தினார்கள். போர்ட்டர் பக்கத்தில் நின்று ஜோடிப் பாட்டுகள் பாட வைத்து, ஆர்சிஏயில் சேர்த்துவிட்டு, பெயர் வாங்கிக் கொடுத்தார். இதை டாலி ஒருநாளும் மறுத்ததில்லை. 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' பாட்டை 1969-இல் சுற்றுப்பயண பஸ்ஸில் எழுதும்போது காகிதம் கிடைக்காமல், போர்ட்டருடைய கோட்டைச் சலவைக்குப் போட்ட ரசீதின் பின்னால்தான் எழுதினார். போர்ட்டர் அந்த ரசீதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஆனால் ஐந்து வருடம் என்று பேசிச் சேர்ந்தவர் ஏழு வருடம் இருந்துவிட்டார். இதற்குள் டாலி தனியாகவே முதலிடப் பாட்டுகள் கொடுக்கிறார், 1971-இல் 'ஜோஷுவா', பிறகு 'ஜோலீன்'. நிகழ்ச்சியோ இன்னும் போர்ட்டருடையது. விலகுவதாகச் சொன்னால் சண்டை. பேசிப் பயனில்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதி, மறுநாள் அவர் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டினார். அதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. போர்ட்டர் அழுதுவிட்டார், போகச் சம்மதித்தார். 1974-இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம்.

உலகமே அதைக் காதல் பாட்டாக நினைக்கிறது. அது தன்னை ஆளாக்கிய முதலாளியிடம் விடை கேட்கும் பாட்டு. அதில் குறை சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. நான் இங்கே இருந்தால் உன் வழியில் இடைஞ்சலாக இருப்பேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, எதிராளிக்கு நல்லது எல்லாம் கிடைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போகிறது. பேரம் பேசத் தெரிந்த ஒருவர் எழுதிய பாட்டு அது என்று எனக்குத் தோன்றும், அதற்காக அதன் உண்மை குறைந்துவிடவில்லை.

சுமுகமாகவே முடியவும் இல்லை. 1979-இல் போர்ட்டர் பல லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார், நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். பிறகு பேச்சுவார்த்தை திரும்பியது. 2007-இல் போர்ட்டர் மரணப்படுக்கையில் இருந்தபோது டாலி போய்ப் பார்த்தார்.

#6 உரிமைக்குரல்

இசைத்தொழில் ஒப்பந்தங்கள் பக்கம் வேலை செய்கிறேன். வேணுகானம் சொன்ன 'பாட்டு யாருடையது' என்பதைக் கொஞ்சம் காசுக் கணக்காகப் பார்ப்போம். அப்போதுதான் டாலி பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாடாமல் போன கதை புரியும்.

அமெரிக்காவில் ஒரு பாட்டு சம்பாதிப்பதில் வழக்கமாகப் பாதி எழுதியவருக்கு, பாதி பப்ளிஷருக்கு, அதாவது பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் கம்பெனிக்கு. புதிதாக ஊருக்கு வரும் எழுத்தாளர் அந்த இரண்டாம் பாதியை ஏதாவது கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார், வேறு வழியிருக்காது. டாலியும் மாமா பில் ஓவன்ஸும் அறுபதுகளிலேயே ஓவ்-பார் என்று சொந்த பப்ளிஷிங் கம்பெனி வைத்துவிட்டார்கள். ஓவன்ஸ், பார்ட்டன், இரண்டு பெயரின் முதல் பாதி. இருபது வயதுப் பெண், கையில் பெரிய வெற்றி எதுவும் இல்லை. அந்த நேரத்தில் இது அசாதாரணமான முன்யோசனை.

அப்புறம் எல்விஸ். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' அவருக்குப் பிடித்துவிட்டது, பதிவுக்கு ஏற்பாடாகிவிட்டது, டாலியை ஸ்டுடியோவுக்கு அழைத்தும் விட்டார்கள். முந்தின நாள் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் போன் செய்து, பப்ளிஷிங்கில் பாதி எங்களுக்கு வேண்டும் என்றார். எல்விஸ் பாடும் பாட்டுகளுக்கு அதுதான் அவர்கள் வழக்கம். டாலி முடியாது என்றார். அன்று ராத்திரி முழுக்க அழுததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், சட்டம் நிர்ணயித்த தொகையைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம். அன்றைய தொகை ஒரு பிரதிக்கு இரண்டு சென்ட். 1909-இலிருந்து 1977 வரை அதே இரண்டு சென்ட்தான். டாலி சம்மதம் இல்லாமலே எல்விஸ் பாடியிருக்கலாம். பார்க்கர் விடவில்லை, பங்கு இல்லாமல் பாடினால் அவர்களுக்கு லாபம் குறைவு. ஆக எல்விஸ் குரலில் அந்தப் பாட்டு நமக்குக் கிடைக்காமல் போனதற்கு டாலியைக் குறைசொல்ல இடமில்லை.

1982-இல் ஒரு படத்துக்காக டாலியே மறுபடி பாட, கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் முறையும் அது முதலிடம். 1992-இல் விட்னி ஹூஸ்டன் 'த பாடிகார்ட்' படத்தில் பாட, பில்போர்டு என்ற அமெரிக்கப் பாப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். அமெரிக்க வானொலி பாடியவருக்குக் காசு கொடுப்பதில்லை, எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும்தான் கொடுக்கும். அந்த 14 வாரமும் வானொலியில் ஒலித்த ஒவ்வொரு தடவையும் காசு டாலிக்குத்தான் போனது. இரண்டு பாதியுமே. அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டடத் தொகுதி வாங்கினேன், விட்னி நினைவாக அங்கே வாங்குவது பொருத்தம் என்று தோன்றியது என்று பின்னாளில் சொன்னார்.

கூடுதலாக ஒன்று. விட்னிக்கு மாதிரியாக எடுத்தது லிண்டா ரான்ஸ்டட் 1975-இல் பாடிய வடிவம். அதில் கடைசிச் சரணம் இல்லை. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் பேசியபோது டாலி அதை எடுத்துச் சொல்லி, அந்தச் சரணம் உள்ளே வந்தது. அந்த வாழ்த்துச் சரணம் இல்லாமல் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

#7 தந்திமீட்டி

உரிமைக்குரல், அருமையான விளக்கம். ஆனால் இது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. நீங்கள் சொன்ன பாட்டு எழுதப்பட்டது 1973-இல். காசு 1992-இல் வந்தது. 'ஜோலீன்'-உம் அதே காலம். இரண்டையும் ஒரே நாளில் எழுதியிருக்கலாம் என்று அவரே சொல்கிறார். ஒரு எழுத்தாளரின் உச்சம் எது என்று கேட்டால் காசு வந்த வருடத்தைக் காட்டக்கூடாது.

'ஜோலீன்' பற்றி ஒரு கிட்டார்க்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் கோர்டுகள் நான்குகூட இல்லை. விரலால் மீட்டும் அந்த மைனர் வட்டம் ஓயாமல் சுற்றுகிறது, அதற்கு மேல் ஒரு பெயரை நான்கு முறை கூப்பிடுகிறார், ஒவ்வொரு முறையும் ஏறி ஏறி. பெயர் மேடைக்கு அருகில் கையெழுத்து கேட்டு வந்த ஒரு சிறுமியுடையது. கதை, கணவரிடம் அளவுக்கு மீறிச் சிரித்துப் பேசிய ஒரு செம்பட்டை முடி வங்கி ஊழியரிடமிருந்து வந்தது. ஆனால் எழுதியிருப்பதைப் பாருங்கள். போட்டிக்காரியைத் திட்டும் பாட்டுகள் கன்ட்ரியில் நிறைய. இவர் திட்டவில்லை, அவள் அழகை வரிக்கு வரி புகழ்ந்துவிட்டுக் கெஞ்சுகிறார். கணவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை இல்லை. முடிவும் சொல்லவில்லை. அமெரிக்கப் பாப் பட்டியலில் அது 60-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பிரிட்டனில் 1976-இல் ஏழாம் இடம் பிடித்தது. இப்போது உலகமே பாடுகிறது.

இந்தத் தரத்தில் 1982-இலிருந்து 1986 வரை ஒரு பாட்டைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

#8 வேணுகானம்

அந்த ஐந்து வருடத்துக்குள் காட்டுவது கடினம்தான். ஆனால் 1977-இலிருந்தே கை ஓய்ந்துவிட்டது என்று சொன்னீர்களே, அதை ஏற்க மாட்டேன்.

1977 தொடக்கத்தில் 'நியூ ஹார்வெஸ்ட்... ஃபர்ஸ்ட் கேதரிங்' என்ற ஆல்பம். அவரே தயாரித்தது, பெரும்பாலான பாட்டுகள் அவரே எழுதியவை. அதில் உள்ள 'லைட் ஆஃப் எ கிளியர் ப்ளூ மார்னிங்' போர்ட்டரை விட்டு வந்தபோது எழுதியது. விடைபெறும் பாட்டில் சொல்லாமல் விட்ட நிம்மதி முழுக்க இதில் இருக்கிறது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. அதற்குப் பிறகுதான் கேரி க்ளைன் என்ற தயாரிப்பாளர் 'ஹியர் யூ கம் அகெய்ன்' பாட்டைக் கொண்டுவந்தார். அது ரொம்பப் பாப் ஆகிவிடும் என்று டாலியே பயந்தார். ஸ்டீல் கிட்டார் சேர்த்தே ஆகவேண்டும், கன்ட்ரி இருக்கிறது என்று காட்ட எனக்கு ஒரு ஆதாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பாப் பட்டியலில் மூன்றாம் இடம், கன்ட்ரியில் முதலிடம். 1978-இல் கன்ட்ரி இசைச் சங்கமே ஆண்டின் சிறந்த கலைஞர் விருது கொடுத்தது. லொரெட்டா லின்னுக்குப் பிறகு அதை வாங்கிய இரண்டாவது பெண்.

பிறகு 1980, அவர் நடித்த '9 டு 5' படத்தின் தலைப்புப் பாட்டு. இதை நீங்கள் எப்படித் தாண்டிப்போனீர்கள்? படப்பிடிப்பில் காத்திருக்கும் நேரத்தில் தன் நீள நகங்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். டைப்ரைட்டர் சத்தம் வந்தது. அந்தத் தாளத்திலேயே பாட்டு எழுதினார். இசைப்பதிவிலும் நகத்தை வாசித்தார், ஆல்பத்தில் கருவிப் பட்டியலில் நகத்துக்கும் பெயர் போட்டார்கள். கேட்கக் கொண்டாட்டமாக இருக்கும் பாட்டு. வரிகளைப் பார்த்தால் முழுக்கக் கூலிக்காரரின் ஆத்திரம்: உழைப்பை எடுத்துக்கொள்கிறார்கள், யோசனையை எடுத்துக்கொள்கிறார்கள், பெயர் மட்டும் தருவதில்லை. பாஸ்டனில் 1973-இல் அலுவலகப் பெண் ஊழியர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயர்தான் படத்தின் பெயர். பாப், கன்ட்ரி இரண்டிலும் முதலிடம், இரண்டு கிராமி, ஆஸ்கர் பரிந்துரை. அவரே எழுதியது.

அந்த ஆல்பம் முழுக்க வேலை பற்றியது. உடி கத்ரி எழுதிய 'டிப்போர்ட்டீ' அதில் இருக்கிறது, 1948 விமான விபத்தில் பெயர்கூடச் செய்தியில் வராமல் இறந்த மெக்சிகோ கூலிகள் பற்றிய பாட்டு. மெர்ல் டிராவிஸின் சுரங்கத் தொழிலாளர் பாட்டும் இருக்கிறது. பாப் கூட்டத்துக்கு விற்ற ஆல்பத்துக்குள் இதையெல்லாம் வைத்தவர் விலைபோனவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

#9 ஸ்மோக்கி மலைவாசி

நான் நாக்ஸ்வில் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். இங்கே வந்து கேட்டால் இந்தக் கன்ட்ரியா பாப்பா சண்டையை யாரும் போடமாட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் அவரைப் பேசுவது வேறு விதமாக.

என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஐந்து வயது முடியும்வரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் வந்தது, பிள்ளை பெயர் அச்சடித்து. ஒரு காசு கட்டவில்லை, வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. இமாஜினேஷன் லைப்ரரி என்று பெயர். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாத வருத்தத்தில் 1995-இல் சொந்த மாவட்டமான செவியர் கவுண்டிக்கு மட்டும் தொடங்கினார். இப்போது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா. 20 கோடிப் புத்தகங்களுக்கு மேல் போய்விட்டன. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் ஆட்கள், உங்கள் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குழந்தை பிறந்ததும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் தன் மகளைப் 'புத்தக அம்மா' என்று கூப்பிடுவதுதான் அப்பாவுக்குப் பெருமையாக இருந்ததாம், நட்சத்திரம் என்பதைவிட.

செவியர்வில் நீதிமன்ற வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், கிட்டாரோடு பாறைமேல் உட்கார்ந்த மாதிரி. அப்பா உயிரோடு இருந்தபோது ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வண்டியில் வாளியும் துடைப்பமும் எடுத்துப்போய் அந்தச் சிலையில் புறா எச்சம் கழுவிவிட்டு வருவாராம். அவர் போன பிறகுதான் மகளுக்கே தெரிந்தது.

2016 நவம்பரில் கேட்லின்பர்க் காட்டுத்தீ. வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 1000 டாலர் என்று அறிவித்தார். கடைசித் தவணையில் 5000 கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் சிலரை எனக்குத் தெரியும். எந்தப் படிவமும் நிரப்பி மன்றாட வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1986-இல் திறந்த டாலிவுட் பூங்காவை வெளியூர்க்காரர்கள் விளம்பரம் என்பார்கள். இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் வேலை.

தந்திமீட்டி அண்ணா, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். மலைப்பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தால் வந்திருக்குமா?

#10 தந்திமீட்டி

நல்ல மனுஷி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அக்கா. கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சிக்கு 2020-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தவர். ஆனால் தர்மத்தை வைத்துப் பாட்டை அளக்கக்கூடாது என்பது என் கட்சி. கெட்டவர் நல்ல பாட்டு எழுதினாலும் நல்ல பாட்டுதான்.

'9 டு 5' நல்ல பாட்டு, அதில் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். 1986-இல் ஆர்சிஏ ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அடுத்த வருடம் கொலம்பியாவுக்குப் போய் முழுப் பாப் ஆல்பம் 'ரெயின்போ' போட்டார், எடுபடவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியும் ஒரு பருவத்தோடு நின்றது. அந்தப் பாப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். அந்தக் காலகட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்றே ஒன்று 1987-இல் லிண்டா ரான்ஸ்டட், எம்மிலூ ஹாரிஸோடு சேர்ந்து பாடிய 'ட்ரையோ'. அது எந்த இசை? பழைய மலை இசை.

#11 கரவெட்டிக் குமரன்

ஆனால் திரும்பி வந்தாரே, தம்பி! 1989-இல் ரிக்கி ஸ்காக்ஸ் தயாரிப்பில் 'வைட் லிமோசீன்', இரண்டு பாட்டு கன்ட்ரி முதலிடம். தொண்ணூறுகளில் கன்ட்ரி வானொலி வயதானவர்களையெல்லாம் ஓரங்கட்டியது. அவர் என்ன செய்தார்? ஒலிபரப்ப மாட்டார்கள் என்றால் எனக்குப் பிடித்ததையே பாடுகிறேன் என்று 1999-இல் 'த கிராஸ் இஸ் ப்ளூ', சுத்த ப்ளூகிராஸ், அதாவது பழைய மலை இசையின் வழிவந்த, மின்கருவி இல்லாத பாணி, சின்னக் கம்பெனி. ஜெர்ரி டக்ளஸ், சாம் புஷ் மாதிரியான ஆட்கள் வாசித்தது. கிராமி கிடைத்தது. அடுத்து 2001-இல் 'லிட்டில் ஸ்பாரோ'. ஐம்பத்தைந்து வயதுக் குரல், பதினெட்டு வயதுக் குரலைவிட இறுகியிருந்தது. உங்கள் பழைய டாலி அங்கே முழுசாக இருக்கிறார். அப்படிப் பாட அவருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் விட்னி பாடிய பாட்டின் உரிமை அவர் கையில்.

#12 தந்திமீட்டி

'லிட்டில் ஸ்பாரோ' என்னிடம் இருக்கிறது. அதில் 'டவுன் ஃப்ரம் டோவர்' பாட்டை மறுபடி பாடியிருக்கிறார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள், குமரன் அண்ணா. எனக்கு 1970 வடிவம்தான் பிடிக்கும். ஆனால் பெரியவளாகி, நடந்தது எல்லாம் தெரிந்த ஒருத்தி சொல்வது மாதிரி ஒலிக்கும் அந்த இரண்டாவது வடிவத்தையும் ஒதுக்க மாட்டேன்.

2023-இல் வந்த 'ராக்ஸ்டார்' மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் 2022-இல் பெயர் வந்தபோது, எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று முதலில் விலகப் பார்த்தார். அவர்கள் விடவில்லை. சரி, அப்படியானால் ஒரு ராக் ஆல்பம் போட்டே தகுதியாகிறேன் என்று முப்பது பாட்டு. மூன்றாம் இடத்தில் தொடங்கியது, விற்றது. ஆனால் பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு, மூலத்தை ஒட்டியே பாடியது.

#13 வேணுகானம்

'ராக்ஸ்டார்' பற்றி உங்களோடு ஒத்துப்போகிறேன். ஒரு கேட்புக்கு மேல் எனக்கும் போகவில்லை.

நிலா வாசகி, இவ்வளவு நீளமாகப் போய்விட்டது. நீங்கள் 'ஜோலீன்' ஆல்பத்தையே முதலில் முழுதாகக் கேளுங்கள். 1974, அரை மணி நேரம்கூட இல்லை. இரண்டு பெரிய பாட்டும் அதிலேயே இருக்கின்றன. பிறகு 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்', பிறகு நேராக 'த கிராஸ் இஸ் ப்ளூ'. நடுவில் உள்ளதைக் கடைசியில் கேட்டால் தந்திமீட்டி சொல்வதும் நான் சொல்வதும் விளங்கும்.

#14 நிலா வாசகி

மூன்றையும் வரிசையில் போட்டுவிட்டேன், நன்றி. இதற்கு முன்னால் 'டவுன் ஃப்ரம் டோவர்' இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன். எனக்கு 2001-தான். முதல் வடிவத்தில் அந்தப் பெண் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவன் வரமாட்டான் என்பது நமக்குத்தான் முதலில் தெரிகிறது. இரண்டாவதில் முதல் வரியிலேயே அவளுக்குத் தெரியும். தந்திமீட்டி அண்ணா, கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன், அந்த 'ஜோலீன்' விரல் வரிசையை ஒரு தனி இழையில் எழுதிப் போடுகிறீர்களா?

#15 தந்திமீட்டி

போடுகிறேன் தங்கை, ஞாயிற்றுக்கிழமைக்குள். நான்காம் கட்டையில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி ஏ மைனரிலிருந்து தொடங்குங்கள், கட்டைவிரல் ஓயாமல் மேலும் கீழும் தாளம் போடட்டும். முதலில் மெதுவாக. வேகம் பிறகு தானாக வரும்.